ஊட்டியில் நெடுந்தூர ஓட்டப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து ஓட்டக்காரப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் மலையேறத் தொடங்குவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். மலைப் பயிற்சி, ஷூ, மருந்துப் பரிசோதனை, ஒலிம்பிக் விதி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் இந்தச் சாலைகளில் பிள்ளைகளை ஓட வைப்பவன், டாக்டர் அல்ல. மாத்திரை, ரத்தப் பரிசோதனை பற்றி இங்கே படிப்பதை வைத்து நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

ஊட்டியில் ஓடினால் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரம். "மேலே ஆக்சிஜன் சதவீதம் குறைவு" என்று பலரும் சொல்வார்கள். அப்படி இல்லை. சென்னை மெரினாவிலும் ஊட்டி சேரிங் கிராஸிலும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இங்கே இருக்கிறது. குக்கர் இல்லாமல் ஊட்டியில் சோறு வடித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்: தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி மட்டும் வேகாது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே மாதிரி குறைந்துவிடுகிறது.

இதை முதலில் கண்டுபிடிப்பது சிறுநீரகம். சில மணி நேரத்துக்குள் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. சுருக்கமாக ஈபிஓ. அது எலும்பு மஜ்ஜையை உசுப்பிச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்கச் சொல்கிறது. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் தசைக்கு ஆக்சிஜன் சுமப்பது. மலைப் பயிற்சியின் மொத்த வியாபாரமும் இதுதான்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. மலைக்கு வந்த மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏறியிருக்கும். "பார்த்தீர்களா, மூன்றே நாளில் ஏறிவிட்டது" என்று ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்தச் சில நாட்களில் புதிய சிவப்பணு எதுவும் பெரிதாக வந்திருக்காது. மலையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றுகிறது, அதனால் இருக்கிற சிவப்பணு அடர்த்தியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எத்தனை நாள் தங்க வேண்டும்?

மூன்று முதல் நான்கு வாரம். 100 மணி நேரம் உயரத்தில் இருந்தால் உடம்பிலுள்ள மொத்த ஹீமோகுளோபின் சுமார் 1 சதவீதம் கூடும் என்பது ஆய்வுகளிலிருந்து வந்த தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு அசையவே அசையாது. இந்தக் கணக்கில் வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை இறங்குகிற "ஆல்டிடியூட் கேம்ப்" என்ன தரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நல்ல சுற்றுலா, மறுக்கவில்லை.

கீழே இறங்கிய பிறகு கூடியது சில வாரங்களில் மெல்லக் கரைந்துவிடும்.

உயரத்தில் ஓடினால் நேரம் மோசமாகத்தானே வரும்? அது எப்படிப் பயிற்சியாகும்?

நேரம் மோசமாகத்தான் வரும். அதற்கு உலகமே பார்த்த சாட்சி 1968 மெக்சிகோ ஒலிம்பிக். மெக்சிகோ நகரத்தின் உயரமும் 2240 மீட்டர், அச்சு அசல் ஊட்டி. அங்கே 10,000 மீட்டரில் தங்கம் வாங்கிய கென்யாவின் நஃப்தாலி டெமுவின் நேரம் 29 நிமிடம் 27.4 விநாடி. அன்றைய உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் பெயரில் 27 நிமிடம் 39.4 விநாடி. அந்த கிளார்க்கும் அதே பந்தயத்தில் ஓடினார். ஆறாவதாக வந்து கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார், ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது. 1500 மீட்டரில் உலக சாதனையாளர் ஜிம் ரயனைக் கென்யாவின் கிப் கெய்னோ வெகு தூரம் பின்னால் விட்டு 3 நிமிடம் 34.9 விநாடியில் ஜெயித்தார். கெய்னோ பிறந்து வளர்ந்ததே மேட்டு நிலத்தில்.

ஆனால் அதே ஊரில், அதே வாரத்தில், குறுந்தூர ஓட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். காற்று மெலிந்தால் எதிர்ப்பும் குறையும். ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியில் ஓடினார். லீ எவன்ஸ் 400 மீட்டரில் 43.86. பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர். பீமன் தாண்டியபோது பின்காற்று விநாடிக்கு சரியாக 2.0 மீட்டர், விதி அனுமதிக்கும் கடைசி அளவு. 1000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் எட்டிய சாதனை செல்லும், ஆனால் புள்ளிவிவரப் பட்டியலில் பக்கத்தில் "ஏ" என்று ஒரு குறி போட்டு வைப்பார்கள்.

ஆகவே ஊட்டியில் 5000 மீட்டர் ஓடி நேரம் பார்த்துவிட்டு மனசு உடைந்து போகிறவர்களுக்கு: இங்கே உடம்பு ஆக்சிஜனை உள்வாங்கும் உச்சத் திறனே பத்து சதவீதத்துக்கும் மேல் இறங்கிவிடுகிறது. கீழே ஓடிய வேகத்தை இங்கே பிடிக்க நினைத்தால் இரண்டாவது வாரத்திலேயே படுத்துவிடுவீர்கள். 1000 மீட்டர் இன்டர்வெலை (வேகமாக ஓடி, ஓய்வெடுத்து, மறுபடி ஓடுவதை) மெதுவாக்குங்கள், இடையே ஓய்வை நீட்டுங்கள். முதல் வாரம் முழுக்கப் பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு ஓடச் சொன்னால் பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

"மேலே தூங்கு, கீழே ஓடு" என்கிறார்களே, நீலகிரியில் அது முடியுமா?

முடியும். சொல்லப்போனால் அதற்கு வாகான மலை இது. அமெரிக்காவில் பென் லெவினும் ஜேம்ஸ் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த முறையைப் பிரபலமாக்கியது. உயரத்தில் வாழ்வதால் ரத்தம் ஏறும், ஆனால் அங்கேயே வேக ஓட்டம் ஓடினால் கால்களின் வேகம் மழுங்கும். அதனால் வாழ்வது மேலே, வேகப் பயிற்சி கீழே.

இங்கே ஊட்டி 2240 மீட்டர், குன்னூர் சுமார் 1850, மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஊட்டியில் தங்கி வாரத்துக்கு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் மேட்டுப்பாளையம் இறங்கி வேக ஓட்டம் முடித்துவிட்டு ஏறிவிடலாம். காகிதத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில் பர்லியாறு வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு இறங்கும் பிள்ளையால் 400 மீட்டர் ரிப்பீட் ஓட முடியாது. ஏப்ரல், மே மாதத்தில் போக்குவரத்து நெரிசலில் ஒரு வழிக்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே போய்ச் சேரும்போது வெயிலும் ஏறியிருக்கும்.

என் யோசனை கேட்டால், வேக ஓட்டத்துக்குக் குன்னூர், வெலிங்டன் பக்கம் இறங்குவதே பெரும்பாலானவர்களுக்குப் போதும். 400 மீட்டர் உயர வித்தியாசம் மூச்சில் நன்றாகவே தெரியும். மேட்டுப்பாளையத்தை முக்கியமான ஒன்றிரண்டு நாட்களுக்கு வைத்துக்கொண்டு, முந்தின இரவே இறங்கித் தங்கிவிடுங்கள்.

கென்யாவில் மலையில் பிறந்தவர்கள்தானே ஜெயிக்கிறார்கள்? நம் ஊட்டிப் பிள்ளைகள் ஏன் ஜெயிக்கவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், அதுவும் ஒரு ஆதங்கத்தோடு. ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, பள்ளிக்கு ஏறி இறங்கும் பிள்ளையின் காலையும் மூச்சையும் பார்த்தால் யாருக்கும் அந்த நினைப்பு வரும்.

கென்யாவின் இட்டென் சுமார் 2400 மீட்டர். ஆனால் இட்டெனை இட்டென் ஆக்கியது உயரம் மட்டும் அல்ல. அங்கே காலை ஆறு மணிக்குச் செம்மண் சாலையில் கூட்டம் கூட்டமாக ஓடுவார்கள். அந்தக் கூட்டத்தில் உலக சாம்பியனும் இருப்பார், நேற்று ஊரிலிருந்து வந்த பையனும் இருப்பான். ஓடி ஜெயித்தால் நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம் என்பதை அக்கம்பக்கத்தில் கண்ணால் பார்த்து வளர்கிறார்கள். மெலிந்த கெண்டைக்கால், சிறு வயதிலிருந்தே ஓட்டம், நாள்தோறும் போட்டி, இவை எல்லாவற்றோடும் சேர்ந்துதான் உயரம் வேலை செய்கிறது. உயரம் மட்டும் போதுமென்றால் நேபாளமும் பொலிவியாவும் பதக்கப் பட்டியலை நிரப்பியிருக்க வேண்டும்.

நீலகிரியில் ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பிளஸ் டூ முடிந்த பிறகும் ஓடுகிறவர்களுக்குத்தான் பஞ்சம். அதற்குக் காரணம் மலைக்காற்று இல்லை, வேலையும் காசும்.

இந்திய வீரர்கள் யாராவது இங்கே பயிற்சி எடுத்து மேலே போயிருக்கிறார்களா?

நிறைய பேர். எனக்குப் பிடித்த உதாரணம் லலிதா பாபர். மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்துக்காரர். பெலாரஸ் நாட்டுப் பயிற்சியாளர் நிக்கோலாய் ஸ்னெசரேவ் தலைமையில் ஊட்டியில் பயிற்சி எடுத்த அணியில் இருந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் தகுதிச் சுற்றில் 9 நிமிடம் 19.76 விநாடியில் தேசிய சாதனை படைத்து இறுதிப் போட்டிக்குப் போனார், அங்கே பத்தாம் இடம். 1984-இல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் டிராக் இறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண்.

ஸ்டீபிள்சேஸ் பார்க்காதவர்களுக்கு: 3000 மீட்டரில் 28 தடைகள், 7 முறை தண்ணீர்த் தொட்டி. பெண்களுக்குத் தடை 76.2 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 91.4. ஹர்டில்ஸ் மாதிரி இடித்தால் சாயாது, 80 கிலோவுக்குக் குறையாத கட்டை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஏறும் ஈர ஷூவோடு அடுத்த சுற்றை ஓட வேண்டும்.

கார்பன் பிளேட் ஷூ வாங்கித் தரலாமா? எதை அணிந்தால் தகுதிநீக்கம்?

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகத் தடகள அமைப்பின் விதிப்படி சாலைப் பந்தயத்தில் ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உள்ளே விறைப்பான பிளேட் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. டிராக்கில் 2024 நவம்பர் 1 முதல் எல்லாப் பந்தயங்களுக்கும் 20 மில்லிமீட்டர்தான். அதற்கு முன் 800 மீட்டரும் அதற்கு மேலும் 25 வரை விட்டார்கள். ஸ்பைக்ஸ் என்றால் ஒரு ஷூவில் 11 ஆணிக்கு மேல் கூடாது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2021-இல் வியன்னா மாரத்தானில் எத்தியோப்பியாவின் டெரரா ஹுரிசா முதலாவதாக வந்து கோட்டைத் தொட்டார். ஷூவை அளந்தார்கள், 50 மில்லிமீட்டர். அடிடாஸின் பிரைம் எக்ஸ் என்ற பயிற்சி ஷூ அது. வெற்றி பறிபோனது, இரண்டாவதாக வந்த கென்யாவின் லியோனார்ட் லங்காட் சாம்பியன் ஆனார். 42 கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகு ஒரு சென்டிமீட்டர் ரப்பரில் எல்லாம் போயிற்று.

இங்கே நான் அடிக்கடி பார்ப்பது வேறொரு கூத்து. சாலைக்கென்று வாங்கிய 39, 40 மில்லிமீட்டர் ஷூவைப் போட்டுக்கொண்டு டிராக்கில் 5000 மீட்டர் ஓடுவது. சின்னப் போட்டிகளில் யாரும் அளக்காமல் விட்டுவிடலாம். பழக்கமாகிவிட்டால் அளக்கிற இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, வாங்கலாமா? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். விலை இருபதாயிரம் ரூபாயைத் தொடும், சில நூறு கிலோமீட்டரில் அந்த மென்மையான ஃபோம் செத்துவிடும். உயரமான மெத்தென்ற அடிப்பாகம், பாசி படிந்த ஈரத் தார்ச்சாலை, இறக்கம், மூன்றும் சேர்ந்தால் கணுக்கால் பிரளும். லவ்டேல் பக்க நிழல் சாலைகளில் ஜூலை மாதம் நடந்து பார்த்தாலே புரியும். தினசரி ஓட்டத்துக்கு நல்ல பிடிமானம் உள்ள சாதாரண ஷூ இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று நனைந்தால் ஊட்டியில் மறுநாளைக்குள் காயாது, அதனால்தான் இரண்டு.

வெறுங்காலோடு ஓடலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. 1960 ரோமில் அபெபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஜெயித்தது எல்லோருக்கும் தெரியும். நம் சிவ்நாத் சிங்கும் வெறுங்காலோடு ஓடிப் பேர் வாங்கியவர். 1978-இல் மாரத்தானில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுக்கு மேல் இந்திய சாதனையாக நின்றது.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஓடிப் பிரமாதமான நேரம் எடுத்தேன். சாதனையாக ஏற்பார்களா?

மாட்டார்கள். சாலை ஓட்டச் சாதனைக்குப் பாதையின் மொத்த இறக்கம் கிலோமீட்டருக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. முழு மாரத்தானுக்கு 42 மீட்டர். நீங்கள் ஓடிய சாலை சுமார் 50 கிலோமீட்டரில் 1900 மீட்டர் இறங்குகிறது. இன்னொன்று, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்க்கோட்டு இடைவெளி பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒரே திசையில் ஓடிப் பின்காற்றை வாங்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. 2011 பாஸ்டனில் ஜெஃப்ரி முடாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அன்று உலகத்தில் அதைவிட வேகமாக யாரும் மாரத்தான் ஓடியதில்லை. ஆனாலும் பாஸ்டன் பாதை நேராகப் போய் சுமார் 140 மீட்டர் இறங்குவது என்பதால் சாதனையாக ஏற்கவில்லை.

பாதையை அளப்பதே ஒரு தனிக் கலை. ஜிபிஎஸ் வாட்ச் செல்லாது. முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சிறு கருவி மாட்டிய சைக்கிளில், ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் ஓட்டி அளப்பார்கள். தப்பித் தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டியும் வைப்பார்கள், மாரத்தானுக்கு அது 42 மீட்டர்.

2019-இல் வியன்னாவில் எலியூட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியதும் சாதனைப் பட்டியலில் இல்லை. அது எல்லோருக்கும் திறந்த பந்தயம் இல்லை. வேகம் காட்ட ஓடியவர்கள் அணி அணியாக மாறி மாறி உள்ளே வந்தார்கள்.

தொட்டபெட்டாவுக்கு ஏறி ஓடுவது "மலை ஓட்டம்" ஆகுமா? அதற்கு உலகப் போட்டி உண்டா?

உண்டு. உலக மலை மற்றும் டிரெயில் ஓட்டப் போட்டி 2022-இல் தாய்லாந்தின் சியாங் மாயிலும், 2023-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலும், 2025-இல் ஸ்பெயினின் கன்ஃபிராங்கிலும் நடந்தது. மலை ஓட்டத்துக்குப் பாதையின் சராசரிச் சரிவு 5 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஊட்டி டவுனிலிருந்து தொட்டபெட்டா உச்சி சாலை வழியாகச் சுமார் 9 கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டால் 4.4 சதவீதம். நூலிழையில் தேறவில்லை! மேல்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தேறும். பயிற்சிக்கு அருமையான சாலை, ஆனால் சுற்றுலா வண்டிகள் கிளம்புவதற்குள் இறங்கிவிடுங்கள்.

ரத்தசோகை இருந்தால் மலைப் பயிற்சி சரிசெய்யுமா?

நேர்மாறு. புதிய சிவப்பணு செய்ய இரும்புச்சத்து வேண்டும். கையிருப்பு இல்லாமல் மேலே வந்தால் மூன்று வாரமும் களைப்புதான் மிச்சம். வருவதற்கு ஒரு மாதம் முன்பே உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரையில் கிடக்கும் பெண் பிள்ளைகளை நிறையவே பார்க்கிறோம். குறைவாக இருந்தால் டாக்டர் சொல்படி மாத்திரை.

சாப்பாட்டில் ஈரல், கீரை, கேழ்வரகு எல்லாம் சரி. ஆனால் நீலகிரிக்கு வந்து சாப்பாட்டோடு சேர்த்து ஸ்ட்ராங் டீ குடிப்பதை நிறுத்துங்கள். டீயிலுள்ள டானின், உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தேயிலைத் தோட்டத்து நடுவில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு பழக்கம், களைப்பாக இருக்கிறது என்றதும் கிளினிக்கில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்வது. ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்பட்ட வீரர் என்றால் இது விதிமீறல். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், வெறும் குளுக்கோஸ் ஆனாலும், தடை. மருத்துவமனையில் முறையாகச் சிகிச்சை எடுத்தால் விலக்கு உண்டு.

மலைக்கு வரும்போது எந்த மாத்திரை, டானிக் ஆபத்து?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மலைச்சுகவீனத்துக்கு மெடிக்கலில் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை, டயாமாக்ஸ் என்ற பெயரில் தெரிந்தது, வாடா என்கிற உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. சிறுநீர் பெருக்கி வகை. போட்டி நாளில் மட்டுமில்லை, எல்லா நாளும் தடை. ஊட்டி உயரத்துக்கு அது பெரும்பாலும் தேவையும் படாது. லடாக் போய் வந்த யாரோ கொடுத்தார்கள் என்று வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது இருமல் சிரப். ஊட்டிக் குளிரில் இருமல் வரத்தான் செய்யும். நம் ஊரில் விற்கும் பல சிரப்புகளில் டெர்பியூட்டலின் கலந்திருக்கும். அதுவும் எல்லா நாளும் தடை. ஜலதோஷ மாத்திரையிலுள்ள சூடோஎபெட்ரின் போட்டி நாளில் வரம்புக்கு மேல் போனால் சிக்கல். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர் அனுமதி உண்டு, ஆனால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமுக்குள், எந்த 8 மணி நேரத்தை எடுத்தாலும் 600-க்குள்.

லேகியம், "ஸ்டாமினா பவுடர்", ஜிம் அண்ணன் தரும் டப்பா: உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளை வைத்துச் சொல்ல முடியாது. மாதிரியில் மருந்து வந்தால் எப்படி வந்தது என்பது உங்கள் பொறுப்பு. "எனக்குத் தெரியாது" என்றால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது. கசகசாவையும் சொல்லிவிடுகிறேன். அதில் மார்ஃபின் கொஞ்சம் ஒட்டியிருக்கும், போட்டி நாளில் மார்ஃபினுக்கு வரம்பு உண்டு. போட்டி வாரத்தில் கசகசா அரைத்துவிட்ட குருமா வேண்டாம். காபி, டீயில் தடை இல்லை. கஃபீனை 2004-இலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மலையிலே ரத்தம் ஏறினால் ஈபிஓ ஊசி போட்டதாகச் சந்தேகப்பட மாட்டார்களா?

நல்ல கேள்வி. பெரிய வீரர்களுக்கு ரத்தத்தின் வரலாற்றையே ஆண்டுக்கணக்கில் தொகுத்து வைக்கிறார்கள், பயலாஜிக்கல் பாஸ்போர்ட் என்று பெயர். ரத்தம் எடுக்கும்போது நிரப்பும் படிவத்திலேயே சமீபத்தில் உயரமான இடத்தில் இருந்தீர்களா என்று கேட்பார்கள். ஊட்டி, எத்தனை நாள் என்று எழுதிவிடுங்கள். மலையால் வரும் மாற்றம் எப்படி இருக்கும், ஊசியால் வருவது எப்படி இருக்கும் என்று நிபுணர்களுக்குத் தெரியும்.

பரிசோதனைப் பட்டியலில் உள்ளவர்கள் ஒவ்வொரு நாளும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் இரண்டு ஆண்டு வரை தடை. 2019-இல் 100 மீட்டர் உலக சாம்பியனான கிறிஸ்டியன் கோல்மன் டோக்கியோ ஒலிம்பிக்கைக் கோட்டைவிட்டது இதனால்தான், மருந்தால் அல்ல. ஊட்டியில் சீசன் நேரத்தில் காட்டேஜ் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும். சாமான் இறக்கும் முன் முகவரியை மாற்றுங்கள். சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்கில் ரூம் எடுக்காதீர்கள்.

டிராக்கில் கோட்டை மிதித்தால் அவ்வளவு பெரிய குற்றமா?

கோவிந்தன் லட்சுமணனைக் கேட்டால் தெரியும். புதுக்கோட்டைக்காரர், 2017 புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். உள்பக்கக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார் என்று தகுதிநீக்கம் செய்தார்கள், வெண்கலம் போயிற்று. 25 சுற்றில் ஒரு நொடி. அதன் பிறகு விதியைக் கொஞ்சம் தளர்த்தி, வளைவில் ஒரே ஒரு தடவை லாபமில்லாமல் கோட்டை மிதித்தால் மன்னிக்கிறார்கள். அதை நம்பி ஓடாதீர்கள். ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் நெரிசலான குழுவாக ஓடவிட்டு, உள்ளே கால் போகிறவர்களை நான் வெளியே நிறுத்துவது அதனால்தான்.

போட்டியில் வாட்ச் கட்டலாம், இதயத் துடிப்பு பார்க்கலாம். போன், பாட்டு கேட்கும் கருவி கூடாது.

ஒலிம்பிக் தகுதிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? வயது?

பாரிஸ் 2024-க்கு வைத்த தகுதி நேரத்தைப் பாருங்கள். மாரத்தான் ஆண்களுக்கு 2:08:10, பெண்களுக்கு 2:26:50. 10,000 மீட்டர் 27:00.00, 30:40.00. 5000 மீட்டர் 13:05.00, 14:52.00. நேரத்தைத் தொடாதவர்களுக்குத் தரவரிசை வழியும் உண்டு. ஒலிம்பிக், உலகப் போட்டி மாரத்தானில் ஓட அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் 20 வயது ஆகியிருக்க வேண்டும். பதினான்கு வயதுப் பையனை முழு மாரத்தானுக்குப் பதிவு செய்ய வழி கேட்கும் அப்பாக்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மலையில் தயாராகிவிட்டுச் சென்னையில் ஓடினால் சரியாக வருமா?

மூச்சு வரும், உடம்பு வெந்துவிடும். இது பலரும் யோசிக்காத விஷயம். ஊட்டிக் குளிரில் மாதக்கணக்கில் இருந்தவருக்கு வியர்த்துத் தணியும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். 2019 தோஹா உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள், அப்படியும் 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். அதனால் சூடான ஊரில் போட்டி என்றால் இரண்டு வாரம் முன்பே இறங்கிவிடுங்கள். மலையில் சேர்த்ததில் கொஞ்சம் கரையும், பரவாயில்லை. பெங்களூரு மாதிரி மிதமான ஊர் என்றால் எப்போது இறங்குவது என்பதில் கோச்சுகளுக்குள் இன்னும் சண்டைதான். இரண்டு மூன்று நாளில் ஓடிவிடு என்பார் ஒருவர், மூன்று வாரம் பொறு என்பார் இன்னொருவர். முக்கியமில்லாத ஒரு போட்டியில் இரண்டையும் சோதித்துப் பார்த்து உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று குறித்து வையுங்கள்.

எந்த மாதம் வரலாம்? என்ன கொண்டுவர வேண்டும்?

பிப்ரவரி, மார்ச் எனக்குப் பிடித்த மாதங்கள். வானம் தெளிவு, கூட்டம் குறைவு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. தலைகுந்தா, காந்தல் பக்கம் காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும், வெயில் விழும் வரை வேக ஓட்டம் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை, அப்புறம் அக்டோபர், நவம்பரில் அடுத்த மழை.

வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, அதனால் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில். கையுறை, தலைக்குல்லா, மழைக்கோட்டு, விடிவதற்குள் ஓடுபவர்களுக்கு ஒளி பிரதிபலிக்கும் ஜாக்கெட். ஆனால் விடிவதற்குள் தனியாக ஓட வேண்டாம். தேயிலைத் தோட்டத்து ஓரம் காட்டெருமை நிற்கும், சில பகுதிகளில் கரடியும் வரும். காட்டெருமையைக் கண்டால் போட்டோ எடுக்காமல், கை தட்டாமல், வந்த வழியே மெல்லத் திரும்பிவிடுங்கள். அன்றைய கிலோமீட்டர் குறைந்தால் மாலையில் ஓடிக்கொள்ளலாம்.